முதல் வெப்பம் யாருக்கு? பழைய ராணுவ வண்டிகளும் பெட்ரோல் ஹீட்டர்களும்

மைனஸ் 40 டிகிரி. செல்சியஸா ஃபாரன்ஹீட்டா என்று கேட்க வேண்டாம், இரண்டு அளவைகளும் ஒன்றாகிவிடும் புள்ளி அது. அமெரிக்க ராணுவத்துக்காக டாட்ஜ் நிறுவனம் 1950களில் தயாரித்த எம்37 டிரக் ஒன்று இரவு முழுக்க அந்தக் குளிரில் வெட்டவெளியில் நின்றிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். விடிந்ததும் ஓட்டுநர் ஏறி உட்கார்ந்து ஸ்டார்ட்டர் மிதியை அழுத்துகிறார். ஒரு முனகல் கேட்கிறது. அவ்வளவுதான்.

ஒரே சமயத்தில் மூன்று விஷயங்கள் கைவிட்டுவிட்டன. எஞ்சின் ஆயில் தார் மாதிரி இறுகிக் கிடக்கிறது. பேரிங்குகளும் பிஸ்டன்களும் அதற்குள் மாட்டிக்கொண்டிருப்பதால், கிராங்க் ஷாஃப்டைச் சுற்ற வழக்கத்தைவிடப் பல மடங்கு விசை வேண்டும். அந்த விசையைத் தர வேண்டிய பேட்டரியோ தன் பலத்தை இழந்து நிற்கிறது. ஈய-அமில பேட்டரியால் மைனஸ் 18 டிகிரியிலேயே தன் சுழற்றும் திறனில் ஏறக்குறைய 40 சதவீதத்தைத்தான் தர முடியும், மைனஸ் 40-இல் கிட்டத்தட்ட ஒன்றுமில்லை. அப்படியே எஞ்சின் சுற்றினாலும் பெட்ரோல் ஆவியாக வேண்டுமே. எரிவது திரவம் இல்லை, ஆவிதான். கடுங்குளிரில் கார்புரேட்டரிலிருந்து வரும் பெட்ரோலில் பெரும்பகுதி, சிலிண்டர்களுக்குப் போகும் குழாயான மேனிஃபோல்டின் சுவரில் ஈரமாக ஒட்டிக்கொண்டு நின்றுவிடும்.

நான்காவதாக இன்னொன்று உண்டு, அனுபவமில்லாதவர்களை அதிகம் ஏமாற்றுவது அதுதான். எஞ்சின் இரண்டு மூன்று முறை இருமிவிட்டு நின்றுபோகும். அந்த இருமலில் எரிந்த பெட்ரோல் நீராவியை உண்டாக்கியிருக்கும். அந்த ஆவி, ஜில்லென்றிருக்கும் ஸ்பார்க் பிளக்கின் இடைவெளியில் உறைபனியாகப் படிந்துவிடும். அதற்குப் பிறகு எவ்வளவு சுற்றினாலும் தீப்பொறி வராது. பிளக்குகளைக் கழற்றிச் சூடாக்கி மாட்டினால்தான் உண்டு.

இந்தச் சூழலுக்காகச் செய்யப்பட்ட ஹீட்டர்களையும் போர்வைகளையும் பெட்டிகளையும் இன்று சேகரிப்பாளர்கள் தேடித்தேடி வாங்குகிறார்கள். வாங்கும் வரிசையில்தான் எனக்கு ஒரு மனத்தாங்கல். முதலில் கேபின் ஹீட்டர், அப்புறம் கதவுத் திரை, கடைசியில் எப்போதாவது பேட்டரிப் பெட்டி. ராணுவம் வெப்பத்தைப் பங்கிட்ட வரிசை இதற்கு நேர் எதிர்: முதலில் எஞ்சின், கூடவே பேட்டரி, பிறகு கண்ணாடி, மனிதன் கடைசியில். கல்நெஞ்சம் போலத் தோன்றினாலும் கணக்கு சரியானது. கிளம்பாத வண்டிக்குள் உட்கார்ந்து கதகதப்பாக இருப்பதில் யாருக்கும் பயனில்லை.

தீ மூட்டிய காலம்

இந்த வரிசையை யாரும் மேசையில் உட்கார்ந்து யோசித்துக் கண்டுபிடிக்கவில்லை. 1941-42 குளிர்காலத்தில் மாஸ்கோவுக்கு முன்னால் ஜெர்மானிய டாங்கிகள் உறைந்து நின்றபோது, அவற்றின் அடியில் தீ மூட்டித்தான் எஞ்சினைச் சூடாக்கினார்கள். ஆயிலும் பெட்ரோலும் கசியும் ஒரு இயந்திரத்தின் அடியில் தீ மூட்டுவது எவ்வளவு பெரிய பைத்தியக்காரத்தனம் என்று அவர்களுக்குத் தெரியாமல் இல்லை. வேறு வழி இல்லை.

அதிலிருந்து பிறந்த ஏற்பாடுகளில் இரண்டு எனக்குப் பிடித்தவை. ஒன்று, வெந்நீர்ப் பரிமாற்றம். பான்சர் 3, பான்சர் 4 டாங்கிகளில், ஓடிக்கொண்டிருக்கும் ஒரு வண்டியின் சூடான கூலன்டை, அதாவது எஞ்சினைக் குளிர்விக்கும் நீரை, குழாய் வழியாகக் குளிர்ந்து கிடக்கும் அடுத்த வண்டிக்குள் செலுத்த முடியும். ஒன்று கிளம்பினால் அது அடுத்ததை எழுப்பும், அது அதற்கடுத்ததை. இன்னொன்று, ப்ளோ லேம்ப், அதாவது சுவாலையைப் பீய்ச்சும் கைவிளக்கு, வைத்த ஏற்பாடு. கூலன்ட் குழாயோடு ஒரு சிறிய கொதிகலனை இணைத்து, அதற்கு வெளியிலிருந்து ப்ளோ லேம்ப்பின் சுவாலையைக் காட்டுவார்கள். சூடான தண்ணீர் தானாக மேலே ஏறும், குளிர்ந்தது கீழே இறங்கும். பம்ப்பும் வேண்டாம், மின்சாரமும் வேண்டாம். கொதிகலன் எஞ்சினின் நீர்ப்பாதைகளைவிடத் தாழ்வாக இருக்க வேண்டும் என்பது ஒன்றுதான் நிபந்தனை.

சோவியத் தரப்பு இதே ப்ளோ லேம்ப்பை இன்னும் நெடுநாள் வைத்துக்கொண்டது. 1953-இல் உற்பத்திக்கு வந்த காஸ்-69 ஜீப்பில்கூட ப்ளோ லேம்ப்பால் சூடேற்றும் கொதிகலன் உண்டு. இரவில் தண்ணீரை முழுக்க வடித்துவிட்டு, காலையில் கொதிகலனைச் சூடாக்கிக்கொண்டே தண்ணீர் ஊற்றுவார்கள். சுவாலையின் கழிவு வெப்பம், எஞ்சினின் அடியில் ஆயில் தங்கும் தொட்டியான ஆயில் சம்ப்பின் அடியில் போய் ஆயிலையும் இளக்கும். பின்னால் வந்த ஜில்-131 டிரக்கில் ப்ளோ லேம்ப் போய், மின்விசிறி வைத்த பெட்ரோல் ப்ரீஹீட்டர் வந்தது. ஆயில் சம்ப்பைச் சூடாக்கும் பழக்கம் மட்டும் அப்படியே தொடர்ந்தது. இதற்கெல்லாம் முன்பே டி-34 டாங்கியில் அழுத்தக் காற்று உருளைகள் வைத்திருந்தார்கள். பேட்டரி கைவிட்டால் அந்தக் காற்றை நேராக சிலிண்டருக்குள் செலுத்தி டீசல் எஞ்சினைச் சுழற்றலாம். பேட்டரியை நம்பாத மனநிலைதான் இதெல்லாம்.

அமெரிக்கர்களின் ஆரம்பகால வழி எளிமையானது, செலவுமிக்கது: எஞ்சினை அணைக்காதே. 1950 நவம்பர், டிசம்பரில் கொரியாவின் சோசின் நீர்த்தேக்கப் பகுதியில் வெப்பநிலை மைனஸ் 34 டிகிரி வரை இறங்கியது. அங்கே வண்டிகளைக் குறிப்பிட்ட இடைவெளிகளில் ஓடவிட்டுக்கொண்டே இருந்தார்கள். எரிபொருள் கரையும், எஞ்சின் தேயும், சத்தம் எதிரிக்கும் கேட்கும். எஞ்சினை அணைத்தே ஆக வேண்டும் என்றால், அணைப்பதற்குச் சற்று முன் ஆயிலில் கொஞ்சம் பெட்ரோலைக் கலந்து நீர்க்கச் செய்வது இன்னொரு பழைய முறை. மறுநாள் எஞ்சின் சூடானதும் அந்தப் பெட்ரோல் ஆவியாகிப் போய்விடும். பலன் தரும் முறைதான், ஆனால் அளவு தெரியாமல் கலந்தால் பேரிங் போய்விடும்.

இந்த அனுபவங்களுக்குப் பிறகு இரண்டு எண்கள் நிலைபெற்றன. அமெரிக்க ராணுவ வண்டி எந்தக் கூடுதல் உபகரணமும் இல்லாமல் மைனஸ் 25 ஃபாரன்ஹீட் வரை, அதாவது மைனஸ் 32 செல்சியஸ் வரை இயங்க வேண்டும். ஆர்க்டிக் கிட் என்னும் கடுங்குளிர் உபகரணத் தொகுப்பைப் பொருத்தினால் மைனஸ் 65 ஃபாரன்ஹீட் வரை, மைனஸ் 54 செல்சியஸ் வரை இயங்க வேண்டும். இந்த 22 டிகிரி இடைவெளியை நிரப்புவதற்காகத்தான் அந்தக் கிட்டின் ஒவ்வொரு உருப்படியும் இருக்கிறது.

ஒரு சிறிய அடுப்பு, அதற்குள் ஒரு பெரிய யோசனை

சேகரிப்பாளர்கள் பேச்சில் அடிக்கடி அடிபடும் பெயர் சவுத் விண்ட். ஸ்டூவர்ட்-வார்னர் நிறுவனத்தின் தயாரிப்பு இது, முதலில் வந்தது ராணுவத்துக்கு இல்லை. 1930களின் சாதாரணக் கார்களுக்கு. அந்தக் காலத்து வெந்நீர் ஹீட்டர் எஞ்சின் சூடான பிறகுதான் வெப்பம் தரும். சவுத் விண்ட் ஒன்றிரண்டு நிமிடத்தில் சுடச்சுடக் காற்று தந்தது. அது வேலை செய்த விதம் சாமர்த்தியமானது. கார்புரேட்டரிலிருந்து கொஞ்சம் பெட்ரோலைக் காற்றோடு இழுத்து, மூடிய ஒரு அறையில் எரித்து, எரிந்த புகையை எஞ்சினின் இன்டேக் மேனிஃபோல்டுக்கே அனுப்பிவிடும். இழுப்பதும் எஞ்சினின் வெற்றிடம்தான், புகையை விழுங்குவதும் எஞ்சின்தான். தனிப் புகைக்குழாயே கிடையாது.

காருக்கு அது போதும். ராணுவத்துக்குப் போதாது, ஏனென்றால் எஞ்சின் ஓடினால்தான் அந்த ஹீட்டர் எரியும். ராணுவத்துக்கு வேண்டியது எஞ்சின் ஓடாதபோதும் எரியும் ஹீட்டர். அதனால் ராணுவ வகைக்குச் சொந்தமாக மின்விசிறி, சொந்தமாக எரிபொருள் பம்ப், சொந்தப் புகைக்குழாய் எல்லாம் வந்தன. எம்37, எம்35 போன்ற 24 வோல்ட் வண்டிகளில் பரவலாகப் பொருத்தப்பட்ட சவுத் விண்ட் 978 மாடல் அந்த வகை. அதன் வெப்பத்திறன் மணிக்கு 20,000 பி.டி.யு., அதாவது ஏறக்குறைய 6 கிலோவாட். சின்னத் துணிக்கூரை கேபினுக்கு அது தாராளம். ஒரு லிட்டர் பெட்ரோலில் சுமார் 9 கிலோவாட்-மணி ஆற்றல் இருக்கிறது. புகையோடு வீணாகும் வெப்பத்தையும் சேர்த்துக் கணக்குப் போட்டால், முழு வேகத்தில் மணிக்கு ஒரு லிட்டரை ஒட்டிக் குடிக்கும்.

உள்ளே நடப்பதைப் பார்க்கலாம். உருளையான உலோக அறை ஒன்று. விசிறி வெளிக்காற்றைச் சுழற்றி அதற்குள் தள்ளுகிறது. எரிபொருள் கட்டுப்பாட்டு வால்வு பெட்ரோலைச் சொட்டுச் சொட்டாக அளந்து விடுகிறது. இக்னிட்டர் என்னும் கம்பிச்சுருள் செக்கச்செவேலெனப் பழுக்கிறது. பெட்ரோல் ஆவியாகித் தீப்பிடிக்கிறது. சுவாலை அறையைச் சுற்றி வெப்பப் பரிமாற்றி இருக்கிறது: உள்பக்கம் எரியும் வாயு, வெளிப்பக்கம் கேபினுக்குப் போகும் சுத்தமான காற்று. இரண்டையும் பிரிப்பது ஒரு மெல்லிய தகடு மட்டும்.

அந்தத் தகடு எதற்கு, புகை கலந்தால்தான் என்ன, அதுவும் வெப்பம்தானே என்று கேட்பவர்களுக்கு, விஷ வாயுவைப் பற்றிப் பேசுவதற்கு முன்பே ஒரு பதில் இருக்கிறது. ஒரு லிட்டர் பெட்ரோல் எரியும்போது ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீரை ஆவியாக உண்டாக்கும். அது கேபினுக்குள் வந்தால் முன்கண்ணாடி உள்பக்கமாகப் பனிபடிந்து வெள்ளைச் சுவராகிவிடும். ஓட்டுநருக்குச் சூடு இருக்கும், சாலை இருக்காது.

ஹீட்டரைப் பற்ற வைப்பதிலும் ஒரு முறை உண்டு. சுவிட்சை ஸ்டார்ட் நிலையில் வைத்தால் இக்னிட்டரும் விசிறியும் வேலை செய்யும். சுவாலை நிலைத்துவிட்டது என்பதை உள்ளே ஒரு உணரி கண்டுபிடிக்கிறது. சூட்டில் வெவ்வேறு அளவில் விரியும் இரண்டு பொருள்களை அடுத்தடுத்து வைத்து, அந்த வித்தியாசம் ஒரு சின்ன சுவிட்சைத் தட்டும்படி செய்திருப்பார்கள். எலக்ட்ரானிக்ஸ் என்று எதுவும் இல்லை. காட்டும் விளக்கு எரிந்ததும் சுவிட்சை ரன் நிலைக்கு மாற்ற வேண்டும். இக்னிட்டர் ஓய்வெடுக்கும், இனி சுவாலை தன்னைத்தானே பார்த்துக்கொள்ளும். அணைக்கும்போது நடப்பது இன்னும் முக்கியம். சுவிட்சை அணைத்தாலும் விசிறி நிற்காது. பெட்ரோல் நின்றுவிடும், ஆனால் மிச்சமிருக்கும் ஆவியையும் புகையையும் வெளியே தள்ளி, அறை குளிரும்வரை விசிறி ஓடிக்கொண்டே இருக்கும். பிறகு அதே சுவாலை உணரி அதை நிறுத்தும்.

"அணைச்சும் ஓடுதே, ஏதோ ஷார்ட் போல" என்று மாஸ்டர் சுவிட்சை அணைத்து நிறுத்துகிறவர்களால்தான் இந்த ஹீட்டர்களில் பாதி செத்திருக்கும் என்று நினைக்கிறேன். சூடான அறையில் காற்றோட்டம் சட்டென நின்றால் தகடு வளைந்து தெறிக்கும், உள்ளே தேங்கிய பெட்ரோல் கரியாகப் படியும், அடுத்தமுறை பற்ற வைக்கும்போது 'டப்' என்று வெடிக்கும்.

கவனித்தால் தெரியும், இது ஒரு துணைக்கருவி இல்லை. எரிபொருள், காற்று, தீப்பொறி, புகை வெளியேற்றம், அதிவெப்பப் பாதுகாப்பு என்று எல்லாம் சேர்ந்த ஒரு குட்டி எஞ்சின், பிஸ்டன் மட்டும்தான் இல்லை. அதை எஞ்சினைப் போலவே பராமரிக்க வேண்டும். ரேடியோவைப் போல 'போட்டால் வேலை செய்யும், இல்லாவிட்டால் போகட்டும்' என்று விடுகிற பொருள் இல்லை.

ஆர்க்டிக் கிட்டில் எஞ்சினுக்கென்று தனியாகவே ஹீட்டர் உண்டு. கேபின் ஹீட்டர் காற்றைச் சூடாக்கும், இது கூலன்டைச் சூடாக்கும். சூடான கூலன்ட் எஞ்சினைச் சுற்றும். பேட்டரிப் பெட்டியின் அடியிலுள்ள தட்டு வழியாகவும் போய்வரும். வண்டி நிற்கும்போதே மெல்ல எரிந்துகொண்டிருப்பதற்காகச் செய்தது இது. கேபின் ஹீட்டர் இல்லாமல் ஆர்க்டிக்கில் வண்டி ஓட்டியிருக்கிறார்கள். கம்பளிகளை அடுக்கடுக்காகப் போட்டுக்கொண்டு பல்லைக் கடித்தபடி ஓட்டலாம். இந்த எஞ்சின் ஹீட்டர் இல்லாமல் காலையில் கிளம்ப முடியாது.

இந்தக் குடும்பத்தில் ஒரு விசித்திரப் பிறவி ஸ்விங்ஃபயர். இதில் விசிறியே இல்லை. எரிபொருளும் காற்றும் அறைக்குள் வெடிக்கின்றன, வெடித்த வாயு நீளமான குழாய் வழியாகப் பாய்ந்து வெளியேறுகிறது, அப்படிப் பாயும்போது பின்னால் ஒரு வெற்றிடம் உண்டாகிறது, அது புதிய காற்றையும் எரிபொருளையும் இழுக்கிறது, மறுபடி வெடிப்பு. நொடிக்குப் பல பத்து முறை இது நடக்கும். இரண்டாம் உலகப்போரில் வி-1 பறக்கும் குண்டைத் தள்ளிய பல்ஸ்ஜெட் எஞ்சினின் தத்துவம்தான் இது. கொசு ஒழிக்கப் புகையடிக்கும் இயந்திரங்களில் பலவும் இதே தத்துவத்தில்தான் இன்றும் ஓடுகின்றன. அந்தக் காது கிழிக்கும் சத்தத்தைக் கேட்டவர்களுக்கு ஸ்விங்ஃபயரை வேறு விளக்க வேண்டாம். கையால் பம்ப் அடித்துக் கிளப்பிவிட்டால் போதும், பிறகு வண்டியின் பேட்டரியைத் தொடவே தொடாது. செத்துக் கிடக்கும் பேட்டரியோடு ஒரு வண்டியை எழுப்ப வேண்டியிருக்கும்போது இந்த ஒரு குணத்துக்காகவே எத்தனை சத்தத்தையும் பொறுத்துக்கொள்ளலாம்.

பெரிய அளவில் வேண்டுமென்றால் ஹெர்மன் நெல்சன் ஹீட்டர். இது வண்டிக்குள் இருப்பதில்லை. சக்கரத்தில் இழுத்து வரும் பெட்ரோல் உலை. யானைத் துதிக்கை போன்ற துணிக்குழாய்களை எஞ்சின் மூடிக்கு அடியிலோ விமானத்தின் எஞ்சின் கூட்டுக்குள்ளோ நுழைத்து வெப்பக் காற்றை ஊதும். முழு வண்டியையும் ஒரு தார்ப்பாயால் மூடி, அடியில் இதன் குழாயை விட்டால், கொஞ்ச நேரத்தில் ஆயில், பேட்டரி, கியர்பாக்ஸ் எல்லாமே உயிர் பெற்றுவிடும்.

போர்வையும் தட்டும்

எரியும் பொருள்கள்தான் கண்ணைக் கவர்கின்றன. எரியாத பொருள்களில் பாதி வேலை முடிந்துவிடுகிறது. ரேடியேட்டருக்கு முன்னால் தொங்கும் மடக்குத் திரை, பானட்டுக்குள் தைத்த பஞ்சுப் போர்வை, பேட்டரியைச் சுற்றிய காப்புப் பெட்டி: இவை இல்லாமல் எந்த ஹீட்டரும் வெளியைத்தான் சூடாக்கும்.

பேட்டரிப் பெட்டியை நான் முதலிடத்தில் வைப்பதற்குக் காரணம் உண்டு. முழு சார்ஜில் இருக்கும் பேட்டரியின் அமிலம் மைனஸ் 50 டிகிரிக்கும் கீழேதான் உறையும். சார்ஜ் இறங்கிய பேட்டரியில் அது ஏறக்குறைய தண்ணீர்தான்; சுமார் மைனஸ் 10 டிகிரியிலேயே உறைந்து பெட்டியை உடைத்துவிடும். இதைவிட மோசம், ஜில்லிட்ட பேட்டரி சார்ஜையே வாங்கிக்கொள்ளாது. நாள் முழுக்க ஓட்டி, ஜெனரேட்டர் நன்றாக வேலை செய்தும், பேட்டரி சூடாகவில்லையென்றால் மாலையில் அது காலையில் இருந்தபடியேதான் இருக்கும். ஒவ்வொரு நாளும் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கி, ஒரு நாள் இரவு உறைந்துவிடும். இந்த நிலையில் உதவுவதற்காகத்தான் ராணுவ வண்டிகளில் ஸ்லேவ் சாக்கெட் என்ற பெரிய இணைப்பு இருக்கிறது, இன்னொரு வண்டியின் மின்சாரத்தைத் தடித்த கேபிளால் கடன் வாங்க. ஆனால் உறைந்துபோன பேட்டரியோடு அதை இணைப்பது ஆபத்து, பேட்டரி வெடிக்கும்.

கூலன்டில் ஒரு பொதுவான தவறு: 'ஆன்டிஃப்ரீஸ் எவ்வளவு அதிகமோ அவ்வளவு நல்லது' என்பது. ஆன்டிஃப்ரீஸான எத்திலீன் கிளைக்காலைத் தண்ணீரோடு சரிபாதி கலந்தால் மைனஸ் 37 டிகிரி வரை தாங்கும். 60 சதவீதம் கலந்தால் மைனஸ் 50 டிகிரியைத் தாண்டும். தண்ணீரே இல்லாமல் ஊற்றினாலோ மைனஸ் 13 டிகிரி வாக்கிலேயே உறையத் தொடங்கும். தண்ணீரும் கிளைக்காலும் ஒன்றையொன்று உறையவிடாமல் தடுக்கின்றன, தனித்தனியாக விட்டால் இரண்டுமே தோற்கும்.

மற்றவற்றைச் சட்டென்று சொல்லிவிடலாம். ஏர் பிரேக் உள்ள டிரக்குகளில் காற்றோடு கலந்த ஈரம் உறைந்து வால்வை அடைக்காமலிருக்க, ஆல்கஹால் ஆவியைக் காற்றுக்குழாயில் கலக்கும் ஒரு குப்பி உண்டு. பிரேக் ஆயிலாக 1980களிலிருந்து அமெரிக்க ராணுவம் சிலிகான் வகைக்கு மாறியது. அது தண்ணீரை உறிஞ்சாது, ஆர்க்டிக்குக்கும் வெப்பமண்டலத்துக்கும் ஒரே ஆயில் போதும். எம்35 டிரக்கின் மல்டிஃப்யூயல் (பலவகை எரிபொருளில் ஓடும்) எஞ்சினில் இன்டேக் மேனிஃபோல்டுக்குள்ளேயே எரிபொருளைத் தெளித்துச் சுவாலை உண்டாக்கி, உள்ளே போகும் காற்றைச் சூடாக்கும் ஏற்பாடு இருக்கிறது. எரிபொருள் டாங்க்கை எப்போதும் நிரப்பியே வைக்க வேண்டும். பாதி காலியான டாங்க்கின் காற்றிலிருக்கும் ஈரம் இரவில் உள்சுவரில் உறைந்து, மறுநாள் ஃபில்டரில் பனிக்கட்டியாக வந்து அடைக்கும். வண்டியைப் பலகை அல்லது கிளைகளின் மேல் நிறுத்த வேண்டும், டயர் தரையோடு உறைந்து ஒட்டிக்கொள்ளும். ஹேண்ட் பிரேக்கைப் போட்டுவிட்டுப் போகக்கூடாது, பிரேக் ஷூ அதன் டிரம்மோடு உறைந்து ஒட்டிக்கொள்ளும். கடைசியாகச் சொன்ன பழக்கங்கள் எதற்கும் பணம் செலவில்லை என்பதால்தானோ என்னவோ யாரும் இவற்றைப் பற்றிப் பெருமையாகப் பேசுவதில்லை.

மீட்டெடுக்கும்போது

இப்போது அந்த மெல்லிய தகட்டுக்கு வருவோம். 60, 70 ஆண்டுகள் கிடங்கில் கிடந்த ஒரு ஹீட்டரை வாங்கி, வயரை இணைத்து, 'ஆஹா, எரிகிறது' என்று கேபினுக்குள் மாட்டுவது இந்தப் பொழுதுபோக்கிலேயே மிக ஆபத்தான காரியம். வெப்பப் பரிமாற்றியில் மயிரிழை அளவு விரிசல் இருந்தாலும் கார்பன் மோனாக்சைடு கேபினுக்குள் வரும். அதற்கு நிறம் கிடையாது, மணம் கிடையாது. ரத்தத்தின் ஹீமோகுளோபின் ஆக்சிஜனைவிட அதை 200 மடங்குக்கும் மேல் விரும்பிப் பற்றிக்கொள்ளும். தலைவலி, அசதி, தூக்கம் ஆகிய மூன்றும் நீண்ட குளிர்காலப் பயணத்தில் யாருக்கும் இயல்பாக வருபவை என்பதால் சந்தேகமே எழாது.

விளக்கை உள்ளே விட்டு வெளியில் ஒளி தெரிகிறதா என்று பார்க்கும் சோதனையை நம்ப வேண்டாம். குளிர்ந்திருக்கும்போது மூடிக்கொள்ளும் விரிசல்கள் சூட்டில்தான் திறக்கும். சிறிய விமானங்களில் இதே குடும்பத்தைச் சேர்ந்த பெட்ரோல் ஹீட்டர்கள் இருக்கின்றன. அவற்றின் எரியறையைக் குறிப்பிட்ட இடைவெளிகளில் அடைத்து, காற்றழுத்தம் கொடுத்து, அழுத்தம் எவ்வளவு நேரம் நிற்கிறது என்று பார்த்தே ஆக வேண்டும் என்பது விதி. தரையில் ஓடும் பழைய வண்டிக்கு அப்படி ஒரு விதி இல்லாவிட்டாலும் அதே சோதனையைச் செய்வதுதான் புத்திசாலித்தனம். தேறாத எரியறையை வெல்டிங் வைத்து ஒட்டுவதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். ஒட்டுப்போட்ட இடத்துக்குப் பக்கத்திலேயே அடுத்த விரிசல் வரும், தகடு முழுக்கச் சோர்ந்துபோயிருக்கும். அந்த ஹீட்டரை அழகுக்கு வைத்துக்கொள்ளலாம், எரிபொருள் குழாயைத் துண்டித்துவிட்டு.

கேபினில் கார்பன் மோனாக்சைடு அலாரம் வைப்பது கட்டாயம். ஆனால் வீட்டு அலாரம் போதாது. 70 பி.பி.எம். (காற்றில் பத்து லட்சத்துக்கு 70 பங்கு) அளவில் ஒரு மணி நேரமாவது கழிந்த பிறகே ஒலிக்கும்படி அவை செய்யப்பட்டிருக்கும். மேலும் உறைகுளிரில் அவை சரியாக வேலை செய்யும் என்றும் சொல்ல முடியாது. குறைந்த அளவையும் எண்ணாகக் காட்டும், விமானிகள் பயன்படுத்தும் வகை நல்லது.

பழைய கேஸ்கெட்டுகளிலும் புகைக்குழாயைச் சுற்றிய நாடாவிலும் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கக்கூடும். உப்புத்தாள் போட்டுத் தேய்க்க வேண்டாம், கம்ப்ரெசர் காற்றில் ஊத வேண்டாம். நனைத்து, முகக்கவசத்தோடு கழற்ற வேண்டும். எரிபொருள் வால்வின் பழைய ரப்பர் வளையங்களும் டயஃப்ரமும் எத்தனால் கலந்த இன்றைய பெட்ரோலைத் தாங்காது. முதல் நாள் நன்றாக இருக்கும், ஒரு மாதத்தில் ஊறிப் பிசுபிசுத்துக் கசியும். கசிவது எங்கே என்றால், சூடான அறைக்குப் பக்கத்தில். இவற்றைப் புதிய ரகத்துக்கு மாற்றாமல் தொடங்கவே கூடாது.

புகைக்குழாய் பொருத்துவதில் பலர் தவறும் இடம் ஒன்று இருக்கிறது. லிட்டருக்கு லிட்டர் தண்ணீர் வரும் என்று சொன்னேன் அல்லவா, அதெல்லாம் இந்தக் குழாய் வழியாகத்தான் போக வேண்டும். குழாய் எங்காவது தாழ்ந்து தொங்கினால் அங்கே தண்ணீர் தேங்கும், ஹீட்டர் அணைந்த இரவில் உறையும், மறுநாள் காலை குழாய் அடைத்திருக்கும். அடைத்த குழாயோடு ஹீட்டரைப் பற்ற வைத்தால் சுவாலைக்குக் காற்றோட்டம் இருக்காது. புகை எந்த இடுக்கு கிடைக்கிறதோ அந்த வழியாக வரும். அதனால் குழாய் தொடக்கம் முதல் முனை வரை கீழ்நோக்கிச் சரிய வேண்டும். வளைந்தே ஆக வேண்டுமென்றால் தாழ்ந்த இடத்தில் ஒரு சிறு துளை போட வேண்டும், அந்தத் துளை கேபினுக்கு வெளியே இருக்க வேண்டும். குழாயின் முனை வண்டியின் ஓரத்தைத் தாண்டி நீட்டிக்கொண்டிருக்க வேண்டும். பின்பக்கத் திரையின் அடியில் போய் முடிந்தால், ஓடும் வண்டியின் பின்னால் உருவாகும் காற்றுச்சுழல் அந்தப் புகையை நேராகப் பின்பெட்டிக்குள் இழுத்து வரும். அங்கே யாராவது உட்கார்ந்திருந்தால் அவர்களுக்குத்தான் முதலில் தலை வலிக்கும்.

இவ்வளவையும் சரி செய்து, மேசை மேல், வெட்டவெளியில், பக்கத்தில் தீயணைப்பானோடு முதன்முதலாகப் பற்ற வைக்கும்போது வெள்ளைப் புகை கொஞ்சம் வரும், கருகல் வாடை அடிக்கும், அது பழைய தூசி. விளக்கு எரியும்வரை பொறுக்க வேண்டும். இரண்டு மூன்று நிமிடம் ஆகியும் பற்றவில்லையென்றால் உடனே மறுமுயற்சி வேண்டாம். அறைக்குள் பெட்ரோல் தேங்கியிருக்கும். அடியிலுள்ள வடிகுழாயைப் பார்த்து, அதில் சொட்டுவது நிற்கும்வரை விசிறியை ஓடவிட வேண்டும்.